மணலில் தமிழ் எழுதிய சீகன்பால்கு

தமிழ்ப்பள்ளியில் படித்த யாருக்கும் செய்யுளும் மொழியணியும் மறந்திருக்காது. கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் வகுப்பில் எழுந்து நின்று ஒப்புவித்தவர்கள் நாம். அந்த இரண்டு நூல்களையும் 1708ஆம் ஆண்டிலேயே ஒருவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்திருக்கிறார் என்பது எஸ்டிபிஎம் முடித்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அதே மனிதர் செய்த இன்னொரு வேலையின் பயன், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டு மேசைமேல் இருந்தது. அது தமிழ் வேதாகமம்.

நான் பத்து காவான்காரன். இரண்டாவது பாலமும் தொழிற்பேட்டையும் வருவதற்கு முந்திய பத்து காவானில், தோட்டத்து லயத்தில் வாழ்ந்த கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. பால்மரம் வெட்டியவர். வேதாகமத்தை வைத்தே எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினார். மாலை ஜெபத்தில் ஓர் அதிகாரம் வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு நன்றி சொல்லத் தொடங்குவார். அன்றைய சோற்றுக்கு, மழையால் வேலை நின்ற வாரத்தில் கடைக்காரர் கடன் கொடுத்ததற்கு, எனக்குக் காய்ச்சல் விட்டதற்கு, கடைசியாகத் தன் பாஷையில் வேதம் கிடைத்ததற்கு. அது யார் கை வழியாகக் கிடைத்தது என்று பாட்டிக்குத் தெரியாது. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அந்தக் கைக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவர் பெயர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் 1682இல் பிறந்தார். தந்தை தானிய வியாபாரி. சிறு வயதிலேயே தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்துவிட, அக்காள்தான் வளர்த்தார். தாய் சாகும் நேரத்தில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்களுக்காகப் பெரிய புதையல் ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்றாராம். எங்கே என்று மூத்த மகள் கேட்க, வேதாகமத்தில் தேடுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் என் கண்ணீர் பட்டிருக்கிறது என்று பதில் சொன்னதாகச் சீகன்பால்குவின் வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லாரும் குறிப்பிடுகிறார்கள். எங்கோ குளிர்நாட்டில் வாழ்ந்த அந்த அம்மாவும் பத்து காவான் லயத்தில் இருந்த என் பாட்டியும் ஒரே மாதிரி ஒரு புத்தகத்தைப் பிடித்திருக்கிறார்கள். இதைப் படித்த பிறகுதான் இந்த மனிதரைப் பற்றி மேலும் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

உடல் வலுவில்லாத இளைஞர் அவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும் நோய் விடவில்லை. அந்த நிலையில்தான் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக், தம் வணிகக் குடியேற்றமான தரங்கம்பாடிக்குப் போகப் போதகர்கள் வேண்டுமென்று தேடினார். சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும் 1705 நவம்பரில் கப்பலேறினார்கள். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அப்போது சீகன்பால்குவுக்கு 24 வயது நிறையும் தருணம். நம் கணக்கில் பட்டப்படிப்பை முடித்து முதல் வேலை தேடும் வயது.

மன்னரே அனுப்பியும் வரவேற்பு இல்லை. டேனியக் கோட்டையின் தலைவர் ஹாசியஸ், இவர்கள் வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று நினைத்தார். இறங்கிய முதல் நாளே வெயிலில் மணிக்கணக்காகக் காக்க வைத்தார். தங்க இடம்கூட ஏற்பாடு செய்யவில்லை.

அந்தக் கரையில் ஐரோப்பியர்கள் போர்த்துகீசிய மொழியை வைத்தே உள்ளூர் மக்களிடம் காரியம் நடத்திக்கொண்டிருந்தார்கள். தமிழ் தெரியாமலே பத்து இருபது ஆண்டுகள் இருந்துவிட்டுப் போனவர்கள் உண்டு. சீகன்பால்கு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. 70 வயதான ஒரு தமிழ்த் திண்ணைப்பள்ளி ஆசிரியரைத் தேடிப்பிடித்து, பள்ளியையே தம் வீட்டுக்குக் கொண்டுவரச் செய்தார். சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, விரலால் மணலில் அ, ஆ எழுதினார். பல்கலைக்கழகம் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து சத்தம் போட்டு எழுத்துச் சொல்வதைப் பார்க்கத் தெருவில் கூட்டம் கூடியிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆசிரியருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. எழுத்து வந்தது, பொருள் விளங்கவில்லை. அப்போது உதவிக்கு வந்தவர் அழகப்பன். டேனிய நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவர். அந்தக் கிழ ஆசிரியரின் பெயர் எத்தனையோ நூல்களில் இல்லை. அழகப்பன் பெயராவது எஞ்சியிருக்கிறது. தமிழ் வேதாகமத்துக்கு நன்றி சொல்லும்போது இந்த இரண்டு தமிழர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இருவருமே அப்போது கிறிஸ்தவர்கள் அல்லர்.

தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் அவருடைய கால அட்டவணையைக் கொஞ்சம் கவனிக்கலாம். ஊருக்கு எழுதிய கடிதத்தில் அவரே அதை விவரித்திருக்கிறார். காலை 7 முதல் 8 மணி வரை முன்பு சேர்த்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் படிப்பார். 8 முதல் 12 வரை இதுவரை படிக்காத தமிழ் நூல்களை மட்டும் எடுப்பார். பக்கத்தில் ஒரு புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். புலவர் பொருள் சொல்வார், எழுத்தர் புதிய சொற்களைக் குறித்துக்கொள்வார். பிற்பகலில் மறுபடி நூல்கள். இரவில் கண் களைத்துவிடும் என்பதால் ஒருவர் வாசிக்க இவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரே நூலை நூறு தடவைக்கு மேல் வாசித்ததும் உண்டு. இரண்டே ஆண்டுகளில் அவருடைய சொற்பட்டியல் 20,000த்தைத் தொட்டது. இணையமும் அகராதிச் செயலியும் கையில் இருக்கும் நமக்கு இந்த எண் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

படிப்பதற்கு நூல் வேண்டுமே. அப்போது எல்லாம் ஓலைச்சுவடிகள். ஆள் அனுப்பி ஊர் ஊராகத் தேடி வாங்கினார். புலவர்கள் இறந்த வீடுகளில் விதவைகள் சுவடிகளைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். கிடைக்காதவற்றை எழுத்தர்களை வைத்துப் படியெடுத்தார். 1708இல் தம்மிடமிருந்த சுவடிகளுக்கு ஓர் அட்டவணையும் எழுதினார். கிறிஸ்தவம் சாராத தமிழ் நூல்கள் மட்டும் அதில் 119. திருக்குறளும் அதில் உண்டு. அவ்வாண்டே நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனாக்கினார். தமிழர்கள் நாகரிகம் இல்லாதவர்கள் என்று ஐரோப்பாவில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுடைய நூல்களைப் படித்த பிறகு தம் எண்ணம் மாறிவிட்டது என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆனால் அந்த மொழிபெயர்ப்பு அவர் காலத்தில் அச்சேறவில்லை.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்டினால் அது பொய். வந்த புதிதில் வழியோரத்தில் இருந்த மண் சிலைகள் சிலவற்றை உடைத்தார். அதைப் பெருமையாகவும் எழுதி வைத்தார். தமிழர் சமயத்தைப் பற்றிய அவருடைய சொற்களில் பல இன்று படிக்கையில் நம்மைக் கூசவைக்கும். மதம் மாற்றும் நோக்கத்தோடு வந்தவர்தான், அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனாலும் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய பதில் கடிதங்களை மொழிபெயர்த்து ஜெர்மனிக்கு அனுப்பினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதி முடித்தார். ஹாலேயில் இருந்த அவருடைய ஆசான் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். உங்களை அனுப்பியது அந்தச் சமயத்தை அழிக்கத்தான், ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் வாதம். அந்த நூல் 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. சிலையை உடைத்த கையே ஏழாண்டுக்குள் இந்த நூலையும் எழுதியது. இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

இனி வேதாகமத்துக்கு வருவோம்.

1708 அக்டோபர் 17 அன்று புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். ஒரே மாதத்தில் தடை வந்தது. கணவனை இழந்த ஓர் ஏழைப் பெண்ணின் கடன் வழக்கில், நிறுவனத்தின் ஆளுக்கு எதிராக அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார். ஏற்கெனவே கோபத்தில் இருந்த ஹாசியஸ் அவரைக் கோட்டைக்குள் அடைத்தார். ஏறக்குறைய நான்கு மாதம் சிறை. தொடக்கத்தில் பேனாவும் மையும்கூடக் கொடுக்கவில்லை. வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1711 மார்ச் 31 அன்று புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் முடிந்தது.

கிரேக்கத்தில் ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுத் தமிழில் ஒரு சொல்லைப் போடும் வேலை அல்ல அது. இறைவனை என்ன சொல்லி அழைப்பது என்பதிலேயே சிக்கல். அவர் சர்வேசுரன் என்ற சொல்லை எடுத்தார். அவருக்கு முன்பே இங்கே உழைத்த கத்தோலிக்கக் குருமார்களின் தமிழ் நூல்களிலிருந்து வந்த சொல் அது. அவர்களோடு கொள்கையில் சண்டை போட்டார், சொற்களை மட்டும் வாங்கிக்கொண்டார். பின்னால் வந்த மொழிபெயர்ப்பாளர்கள் பராபரன் என்றார்கள், அதற்கும் பின்னால் வந்தவர்கள் தேவன் என்றார்கள். ஒரே ஒரு சொல்லுக்கே இத்தனை மாற்றம்.

கையெழுத்துப்படி ஓலையில் இருந்தால் எத்தனை பேர் படிக்க முடியும்? அச்சிட வேண்டும். தமிழ் அச்சு அதற்கு முன்பே பிறந்துவிட்டது. போர்த்துகீசியத் துறவி அன்றிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இலேயே கொல்லத்தில் அச்சானது. ஆனால் அந்த முயற்சி நீடிக்கவில்லை. தரங்கம்பாடியில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தையும் அதை இயக்க ஓர் ஆளையும் அனுப்பியது. வழியில் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டது. இயந்திரம் எப்படியோ தப்பியது. அச்சுக்காரர் தரங்கம்பாடியைப் பார்க்காமலே காய்ச்சலில் இறந்துபோனார். தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்தார்கள். தமிழை ஒருபோதும் பார்த்திராதவர்கள், சீகன்பால்கு அனுப்பிய மாதிரியைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக உருவாக்கினார்கள். 1713இல் அவை வந்து சேர்ந்தபோது புதிய சிக்கல் ஒன்று. எழுத்து மிகப் பெரியது. அந்த அளவில் அச்சிட்டால் கையில் இருந்த காகிதம் போதாது.

எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். சிறிய எழுத்து வார்க்க வேண்டும், ஈயம் வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி கெடாமல் இருக்க ஈயத் தகட்டில் பொதியப்பட்டிருந்தது. அந்தத் தகடுகளை உருக்கித் தமிழ் எழுத்து வார்த்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஆட்லர் என்பவர் அந்த வேலையைச் செய்தார். நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் வெளிவந்தன. 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் முடிந்தது. இந்திய மொழி எதிலும் அதற்கு முன் புதிய ஏற்பாடு அச்சானதில்லை. காகிதத்துக்கு இனி வெளிநாட்டை நம்பக்கூடாது என்று பக்கத்துப் பொறையாறில் ஒரு காகித ஆலையும் தொடங்கினார்கள்.

அந்தத் தமிழ் எப்படி இருந்தது? நல்ல தமிழ் என்று சொல்ல முடியாது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் அதைக் கடுமையாகக் கேலி செய்தார். அவர் காதுக்கு அது கொச்சையாகப் பட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சீகன்பால்கு எழுதியது புலவர்களுக்காக அல்ல. அவர் நடத்திய பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள். 1707இலேயே பெண்பிள்ளைகளுக்கும் கற்பித்தார். அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் விளங்கும் தமிழ்தான் அவருக்குத் தேவைப்பட்டது. எழுத்துக் கூட்டிப் படித்த பாட்டியோடு வளர்ந்தவன் என்பதால், இந்த வழக்கில் நான் சீகன்பால்கு பக்கம்தான்.

அதன் பிறகு அவருக்கு அதிக நாள் இல்லை. 1714இன் இறுதியில் ஐரோப்பா போனார், மரியா டொரோத்தேயாவை மணந்தார், 1716இல் திரும்பினார். அவ்வாண்டே அவருடைய தமிழ் இலக்கண நூல், லத்தீன் மொழி விளக்கத்தோடு ஹாலேயில் அச்சானது. தரங்கம்பாடியில் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் திறக்கப்பட்டது. இந்த நேரத்தில் கோப்பன்ஹேகனில் இருந்த மிஷன் செயலாளர் வென்ட் கடுமையான கடிதங்கள் எழுதினார். ஆலயமும் பள்ளியும் கட்டிப் பணத்தைச் செலவழிப்பது ஏன், திருத்தூதர்களைப் போல ஊர் ஊராக நடந்து போதிக்க வேண்டியதுதானே என்பது அவர் குறை. தமிழ்நாட்டு வெயிலைக் காணாத ஒருவர் மேசையில் உட்கார்ந்து எழுதியது அது. ஏற்கெனவே நோயில் இருந்த சீகன்பால்குவை அக்கடிதங்கள் உடைத்துவிட்டன. 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தார். வயது 36.

பழைய ஏற்பாட்டில் அவர் முடித்திருந்தது ரூத் புத்தகம் வரைதான். பஞ்சத்தில் பிழைக்கப் போன ஒரு குடும்பத்தின் கதை அது. வயலில் கதிர் பொறுக்கி மாமியாரைக் காப்பாற்றும் வேற்றுநாட்டு மருமகளின் கதையும்கூட. அதற்கு அப்பால் உள்ள நூல்களை, அவர் இறந்த ஆண்டிலேயே தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த சூல்ட்சே மொழிபெயர்த்தார். 1728க்குள் முழு வேதாகமமும் தமிழில் அச்சாகிவிட்டது. அடுத்து வந்த பப்ரிசியஸ் பல பத்தாண்டுகள் அதிலேயே மூழ்கி, பல தரப்பட்ட தமிழர்களுக்கு வாசித்துக் காட்டி, காதுக்கு இசையும்வரை திருத்தினார். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் செய்த மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர் சைவம் வளர்த்த ஆறுமுக நாவலர். 1871இல் ஐக்கியத் திருப்புதல் வந்தது. சீர்திருத்த சபையைச் சேர்ந்த பெரும்பாலான வீடுகளில் இன்றும் வாசிக்கப்படுவது அந்த வழியில் வந்த வேதாகமம்தான். சீகன்பால்குவின் வாக்கியங்கள் அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கேட்டால், மிகக் கொஞ்சம். அவர் தொடங்கியதை ஒவ்வொருவரும் திருத்தித் திருத்தி வேறாக்கிவிட்டார்கள். மொழிபெயர்ப்பில் முதல் ஆளின் கதி பெரும்பாலும் அதுதான்.

அது எப்படி இந்தப் பக்கம் வந்தது என்பது நம் எல்லார் குடும்ப வரலாற்றோடும் சேர்ந்தது. தரங்கம்பாடிக்குத் தெற்கே 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இருக்கிறது நாகப்பட்டினம். 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர், திருச்சி வட்டாரங்களிலிருந்து பிழைப்புத் தேடிக் கிளம்பியவர்கள் அங்கேதான் கப்பல் ஏறினார்கள். இறங்கிய துறைமுகம் பினாங்கு. ஜெரஜாக் தீவில் நோய்ச் சோதனைக்காகத் தங்கவைக்கப்பட்டு, பிறகு செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். பத்து காவானும் அப்போது கரும்புக் காடுதான். வந்தவர்களில் பெரும்பாலோர் முருகனையும் மாரியம்மனையும் நெஞ்சில் சுமந்து வந்தார்கள். சிலர் வேதப் புத்தகத்தைத் துணி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது, இப்போது தொழிற்சாலைகள். லயங்கள் போய்விட்டன, ஜெபமும் வாசிப்பும் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. கைப்பேசியில் வாசிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தேர்வு நாள் காலையில் அம்மா ஒரு சங்கீதத்தை வாசித்து அனுப்பிவைக்கும் வழக்கம் மட்டும் பல வீடுகளில் இன்னும் மாறவில்லை.

நம் ஊரிலிருந்து குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அங்கிருந்து நாகப்பட்டினம், காரைக்கால் வழியாகக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் தரங்கம்பாடி வந்துவிடும். ஒரு காலைப்பொழுது போதும். சீகன்பால்கு வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தமிழில் நடக்கிறது. அவருடைய கல்லறை அந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது.